மழுங்காத கத்திகள்

ரங்கசாமி செய்த கத்தியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் மேலே பறக்கிற காக்கை இரண்டு துண்டாகக் கீழே விழும். நம்ப மாட்டீர்கள். சரி, காக்கை வேண்டாம், ஒரு இறகாவது விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பதினொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான். சில்லறை விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதே கிடையாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். என் தும்மலைக் கேட்டு ரங்கசாமியின் மனைவி கோவிந்தம்மா, "சாருக்கு கொயம்பு கொஞ்சம் குடுத்தனுப்பணும்" என்பாள். அப்படி வளர்ந்த சிநேகம்.

ரங்கசாமி ஸ்டேஷனுக்குத் தெற்கே அப்போதுதான் வந்திருந்த இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். அங்கே கம்பி அறுக்கிற மிஷினில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பிளேடு ஓடும். பல் போனதும் அதைக் கழிவுக் குவியலில் வீசிவிடுவார்கள். போர்மேன் பாக்கியநாதன் நல்ல மனுஷர். "எட்த்துக்கினு போப்பா, குப்பையில கெடக்கறதுக்கு உன் கையில இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரங்கசாமி கொல்லையில் உட்கார்ந்துவிடுவான். பழைய சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே சாணைக்கல்லை மாட்டியிருந்தான். பெடலை மிதித்துக்கொண்டே பிளேடைப் பிடிப்பான். பொறி பறக்கும். ஒரு ஞாயிறு அந்தப் பொறியில் நான் பீடி பற்றவைத்தேன். இன்னொரு ஞாயிறு என் வேட்டியே பற்றிக்கொண்டது.

பிடிக்கு நாவல் கட்டை. பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில், பழைய குழாயிலிருந்து அறுத்தெடுத்த பித்தளைப் பூண். கடைசியில் எண்ணெய்க் கல்லில் முக்கால் மணி நேரம் தேய்ப்பான். தேய்த்த தடம் கூந்தலை வகிர்ந்து சீவிய மாதிரி ஒரே திசையில் நிற்கும். முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவான். காசு வாங்க மாட்டான். கத்தியைக் கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள், ஆகவே கீழேதான் வைக்க வேண்டும். ரங்கசாமி கத்தியைக் கீழே வைக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது போல இருக்கும். வாங்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார்கள்.

இப்படி ஒன்பது வருஷம். சூளூர்பேட்டையிலிருந்து பொன்னேரி வரைக்கும் ரங்கசாமி கத்தி இல்லாத வீடே கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒரு எண்பது வீடு தேறும்.

எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "இன்னா கத்திப்பா அது! எட்டு வருசம் ஆச்சி, இன்னும் மய்ங்கல." "நீ கம்பெனில இன்னா பண்ணிக்குனு கீற? கடையப் போடுப்பா, டப்பு குட்த்து வாங்கறோம்." நானும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, ஐம்பது தடவை. இந்தக் கதையில் என் பங்குக் குற்றம் அது.

எழுபத்தைந்தாம் வருஷம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை. கோவிந்தம்மா கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரங்கசாமி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தற்செயலாகத்தான்.

"கோயிந்தம்மா, எய்திக் குட்த்துட்டேன்."

"இன்னாத்த?"

"வேலைய."

"எந்த வேலைய?"

"எனுக்கு எத்தினி வேலமே கீது? கம்பெனி வேலையத்தான். இனிமே கத்திதான் நம்ப பொயப்பு."

கோவிந்தம்மா கத்தவில்லை. அவள் கத்தாதது எனக்கே பயமாக இருந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்து வேப்பமரத்து வேரில் ஊற்றினாள். இன்னொரு வாளி இறைத்து அதே வேரில் ஊற்றினாள். பன்னிரண்டு வாளி. அந்த வருஷம் அந்த மரம் இரண்டு தடவை பூத்தது. பிறகு வந்து நின்றாள்.

"மூணு புள்ளைங்க கீது. அதுங்க கத்தியத் துன்னுமா?"

"ஊரே கேக்குதுமே. காசு குட்த்து வாங்கறோம்ன்றாங்க. கிளார்க் சாரக் கேளு."

அவள் சுவருக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பையே தேட ஆரம்பித்தேன்.

மறுநாள் மணவாளன் வந்தார். கோவிந்தம்மாவின் அண்ணன். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ரங்கசாமியை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். மணவாளன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாயில் பல் இருக்கிறதா என்று எனக்கே ரொம்ப நாள் சந்தேகம்.

"மாப்ள, மெய்யாலுமே எய்திக் குட்த்தியா?"

"ஆமா மச்சான்."

"வெயில்ல கியில்ல நின்னியா?"

"இல்ல மச்சான்."

"அந்தக் கம்பெனி கேட்ல தெனமும் நூறு பேரு நிக்கறான் மாப்ள. உள்ள வர்றதுக்கு. நீ உள்ளேர்ந்து வெளிய போற. உன்னப் பாத்தா அவனுங்க இன்னா நெனப்பானுங்க?"

"எடம் காலியாச்சின்னு சந்தோசப்படுவானுங்க."

மணவாளன் தங்கை பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் போர்மேன் கால்ல விய்ந்து கேட்டேன். லெட்டர ஆபீசுக்கு அனுப்பாம ட்ராயர்லயே வெச்சிக்கிறேன்னாரு. லீவுன்னு கணக்காம். நவம்பர் முப்பது வரிக்கும். ஒண்ணாந்தேதி காலைல இவரு கேட்டுக்குள்ள வந்தா, லெட்டரக் கிய்ச்சிப் போட்ருவாரு. வர்லன்னா அனுப்பிருவாரு. அப்பறம் அந்த எடத்துல வேற ஆளு."

"கிய்க்கவே வாணாம்" என்றான் ரங்கசாமி.

"நீ சும்மா இரு" என்றாள் கோவிந்தம்மா. ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து அண்ணனுக்குக் கொடுத்தாள். புருஷனுக்குக் கொடுக்கவில்லை.

மூன்று மாதம். ரங்கசாமி பம்பரமாகச் சுழன்றான். அவன் மிதித்த வேகத்துக்கு அந்தச் சைக்கிளுக்கு மட்டும் சக்கரம் இருந்திருந்தால் நெல்லூர் தாண்டியிருக்கும். இருபது நாளில் நாற்பது கத்தி. சந்தையில் சாக்கு விரித்துப் பரப்பினான். கூட்டம் என்றால் கூட்டம், தேர்த் திருவிழா மாதிரி. எடுத்துப் பார்த்தார்கள். நகத்தில் வைத்துப் பதம் பார்த்தார்கள். "இன்னா வேலைப்பாடு!" என்றார்கள். திரும்பக் கீழே வைத்தார்கள்.

"எங்க ஊட்லதான் ஒண்ணு கீதேப்பா. நீ குட்த்ததுதான். அதுவே இன்னும் மய்ங்கல."

நாலு சந்தை போனான். ஒரே ஒரு கத்தி விற்றது. வாங்கினவன் ஆந்திரா லாரி டிரைவர். அவன் ரங்கசாமியை அதற்கு முன்னே பார்த்ததில்லை.

புரட்டாசிக் கடைசியில் ரங்கசாமிக்கு ஒரு யோசனை வந்தது. "சார், எட்டு ஒம்பது வருசம் ஆச்சி. மய்ங்கலன்னு வாயிலதான் சொல்றாங்க. என் கத்திதான், ஆனா அதுவும் இரும்புதானே? கல்ல எட்த்துக்கினு ஊடு ஊடா போறேன். சும்மா சாணை புட்ச்சிக் குடுக்கறேன். உக்காந்து பேசனா, புதுசு ஒண்ணு கேக்க மாட்டாங்களா?"

நானும் கூடப் போனேன். வியாபாரத்துக்கு ஒரு பெரிய மனுஷன் கூட இருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் எனக்கு வேடிக்கை.

முதலில் செங்கல்வராயன் வீடு. பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர். கத்தி நடுவீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது. பிடியில் சந்தனம், குங்குமம். "வருசா வருசம் ஆயுத பூசைக்கு இதுக்குத்தான் மொத மால" என்றார் அவர் பெருமையாக. ரங்கசாமி கத்தியை இறக்கித் துடைத்தான். வெளிச்சத்துப் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டான்.

அடுத்தது எல்லம்மா வீடு. அவள் மருமகள் பிள்ளை பெற்று ஒன்பது நாள். கத்தி பிள்ளையின் தலைமாட்டில், துணிக்கு அடியில். "காத்து கருப்பு அண்டாது நைனா. இந்தத் தெருவுல எங்க புள்ள பொறந்தாலும் இதான் போவும். பதினாலு புள்ளைங்களுக்குக் காவல் இருந்துக்குது உன் கத்தி!" ரங்கசாமி அதையும் வெளிச்சத்தில் பார்த்தான்.

மூன்றாவது வீட்டில் பட்டுப் புடவைப் பெட்டியில் இருந்தது. நாலாவது வீட்டில் ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது வீட்டில் யாரோ முறைச் சொந்தக்காரர் கேட்டார், மனசு வராமல் கொடுக்கவில்லை, அதனால் பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் கத்தி பத்திரம் என்றார்கள்.

தெருமுனைப் புளியமரத்தடியில் ரங்கசாமி உட்கார்ந்துவிட்டான்.

"சார், அந்தக் கத்திங்கள்ல நான் கல்லுல கடசியா தேச்ச தடம் அப்டியே கீது சார். நான் பூசின எண்ண கூட கீது."

"நல்லதுதானே? அவ்வளவு உறுதி..."

"சார்!" என்றான். "ஒரு வெங்காயம் கூட அரியல சார் அதுல. ஒரு வெங்காயம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்பது வீட்டில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. எட்டு வருஷமாக மழுங்கவில்லை என்றது சத்தியமான வார்த்தை. தொடாத கத்தி எப்படி மழுங்கும்?

"உங்க ஊட்ல ரெண்டு கீதே சார். அத்த வெச்சி இன்னா பண்றீங்க?"

ஒன்றை வைத்துத் தபால் உறை பிரிப்பேன். இன்னொன்று எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மட்டும் என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோவிந்தம்மாவிடம் கையை நீட்டினான். "கல்யாணமான வருசம் உனுக்கு ஒண்ணு செஞ்சி குட்த்தேனே, அத்தக் கொண்டா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பிரித்தான். முதல் நாள் கத்தி போல் பளபளத்தது.

"நீயுமாமே?"

"நான் இன்னா பண்ணட்டும்? ஆசையா செஞ்சி குட்த்த. அத்த எட்த்து கவிச்சி அரிய மனசு வர்ல."

"ஒம்பது வருசமா?"

கோவிந்தம்மா எதிரில் உட்கார்ந்தாள். கிணற்றடியில் கொட்டாத கோபமெல்லாம் அப்போதுதான் வந்தது. ஆனால் அது கோபமாகவும் இல்லை.

"யோவ், இந்தத் தெருவுல எந்தப் பொம்பளயாவது நின்னுக்கினு அரிஞ்சி நீ பாத்துக்கிறியா? நாங்க உக்காந்து அரியறவ. அருவாமனைய கால்ல அமுக்கிக்கினு, ரெண்டு கையாலயும் புடிச்சி அரியறவ. உன் கத்திய ஒரு கையில புட்ச்சிக்கினா மீன எந்தக் கையில புடிக்கறது? வய்க்கிக்கினு கொல்லைக்கே ஓடும். பித்தாளப் பூணு, நாவல் கட்ட! மவராசன் கையில வெச்சிக்கினு போட்டா புட்ச்சிக்கலாம். சோறாக்க ஒதவாது."

"இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா? கத்தியப் பத்தி ஊர்ல எல்லாரையும் கேட்டியே, என்னிய கேட்டியா?"

ரங்கசாமி எழுந்துபோய்ச் சமையல்கட்டு மூலையில் கிடந்த அரிவாள்மணையை எடுத்துவந்தான். கோவிந்தம்மாவின் அம்மா வீட்டுச் சீதனம். பலகை ஒரு பக்கம் தேய்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடியது. இரும்பு துருவேறி, பழைய ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. ஒன்பது வருஷமாகக் கத்திக்காரன் வீட்டுக் காயும் மீனும் அதில்தான் அரிபட்டது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி.

மறுநாள் காலை கெங்கம்மாள் வந்தாள். பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்கள் தெருவுக்கு வருகிறவள். அவள் குரல் கவரைப்பேட்டையில் கிளம்பினால் எங்கள் தெருப் பூனைகள் வரிசையில் நிற்கும். மீனோடு தன் அரிவாள்மணையையும் கொண்டுவந்து, வாசலிலேயே குந்தி அறுத்துக் கொடுப்பாள்.

"அக்கா, இத்த மாதிரி உனுக்கு நல்லா ஒண்ணு செஞ்சி தரட்டுமா?" என்றான் ரங்கசாமி.

"நீ சாமிக்கு மாட்ற கத்தி செய்றவனாச்சே நைனா. எங்க நாத்தத்துல உனுக்கு இன்னா வேல?" என்று சிரித்தாள். "செய்யி, செய்யி. சொம்மா குட்த்தா எனுக்கு இன்னா வலிக்குது."

நாலு நாளில் ஒரு அரிவாள்மணை செய்தான். அதே கம்பெனி பிளேடு, அதே பளபளப்பு. கெங்கம்மாள் எங்கள் கண் முன்னாலேயே காலால் அமுக்கி, ஒரு காலா மீன் தலையை வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். டங்கென்று ஒரு சத்தம். இரும்பு இரண்டாக முறிந்து பாதி என் தலைக்கு மேலே பறந்து போனது. தலைக்கு மேலே என்றால், நாலு அடி தள்ளித்தான். ஆனால் அன்றைக்கு வழுக்கையில் காற்றுப் பட்டது எனக்குத்தான் தெரியும்.

கெங்கம்மாள் முறிந்ததைப் பார்த்தாள், ரங்கசாமியைப் பார்த்தாள். "நைனா, உன் கத்திக்கு வேல குடுக்காம செவுத்துல மாட்டி வெச்சாங்களே, ரொம்ப வெவரமானவங்க!"

தெரு முழுக்கச் சிரித்தது. கோவிந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையிலிருந்து விழுந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை, வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் விரல் நுழைய இடம் விடாது. அந்த மழையில் ரங்கசாமி தினமும் பழவேற்காட்டுக்குப் போனான். ஏரிக்கரை ஓலைக் கொட்டகையில் மீன் அறுக்கிற பெண்களுக்கு எதிரே குந்திக்கொண்டு பார்த்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து பெரிய ரகசியம் போலச் சொன்னான்.

"சார், கத்தின்னா கத்தி போயி மீன வெட்டும். இங்க கத்தி நின்ன எடத்துலயே நிக்கிது. மீனுதான் கத்திகிட்ட போவுது."

"அதுக்கு?"

"அதுக்கா? அமுக்கமெல்லாம் பொம்பளைங்க தோள்லேர்ந்து வர்து சார். வெறப்பான இரும்பு ஒடையத்தான் செய்யும். ஒடம்பு வளையணும், ஓரம் மட்டும் வெறப்பா இருக்கணும். லாரி ஸ்பிரிங் பட்டைலதான் அது வரும். அப்பறம் பலக. ஒருத்திக்கு அகலப் பாதம், ஒருத்திக்கு ஒல்லி. ஒருத்தி எடது கால்ல அமுக்கறா. கெங்கம்மாளக்காவுக்கு ஒரு வெரலு மடங்கிக்கினு கீது. அல்லாருக்கும் ஒரே பலகையக் குட்த்தா ஆடாம இன்னா பண்ணும்?"

அடுத்த நாள் முதல் அடுப்புக்கரியும் பழைய தினத்தாள்களும் எடுத்துக்கொண்டு போனான். தாளைத் தரையில் விரிப்பான். பெண்கள் பாதத்தை அதன்மேல் வைப்பார்கள். சுற்றிக் கரியால் கோடு போட்டுக்கொள்வான். இந்தச் செய்தி அவனுக்கு முன்னாலேயே ரயிலேறி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

"கோயிந்தம்மா, உன் ஊட்டுக்காரரு பயவேற்காட்ல பொம்பளைங்க கால அளந்துக்கினு கீறாராமே?" என்றாள் எல்லம்மா, வேண்டுமென்றே கிணற்றடியில், நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து.

"ஆமா. கொலுசு செய்யப் போறாரு. உனுக்கும் வோணுமா?" என்றாள் கோவிந்தம்மா.

வெளியில் அப்படிச் சொல்லிவிட்டாள். உள்ளே வந்து அழுதாள். எங்கள் நடுச்சுவர் ரொம்ப மெல்லிய சுவர். அரிசி கடனாக வந்துகொண்டிருந்தது. காதில் இருந்த கம்மல் போய் வேப்பங்குச்சி வந்திருந்தது. தீபாவளிக்கு மணவாளன்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வந்தார். ரங்கசாமி அன்றைக்குக் கொல்லையை விட்டு வெளியே வரவே இல்லை.

கொல்லையில் ஒரு உலை கட்டியிருந்தான். மேலே நாலு தகரம். சவுக்குக்கரி மழையில் ஊறி, தீயைவிடப் புகைதான் அதிகம். அந்தப் புகையில் கும்மிடிப்பூண்டிக் கொசுவெல்லாம் ஆந்திராவுக்குக் குடிபோய்விட்டது. லாரிப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வளைப்பான். ஓரத்தை மட்டும் எண்ணெயில் தோய்ப்பான். ஆறியதும் கல்லில் ஓங்கி அடித்துப் பார்ப்பான். முறிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி. ஒன்று வளைந்துகொண்டது. ஒன்று பல் விட்டது. ஒன்பது போயிற்று. பத்தாவது அடித்தபோது, மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்ததாக நான் இன்றைக்கும் சொல்கிறேன். ரங்கசாமி அப்படியொன்றும் கேட்கவில்லை என்கிறான்.

அப்படி இரண்டு செய்தான். ஒன்று கெங்கம்மாளுக்கு, அவள் மடங்கின விரலுக்கு இடம் விட்டு. இன்னொன்று சும்மா இருந்தது. பிடி இல்லை, பூண் இல்லை, பளபளப்பு இல்லை. கறுத்த இரும்பு, புளியம்பலகை, அவ்வளவுதான். நான் பார்த்துவிட்டு, "இதுல ஒரு அழகும் இல்லையே ரங்கசாமி" என்றேன். அவன் முதல் தடவையாக என் அபிப்பிராயத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கெங்கம்மாள் வாங்கிக்கொண்டு போனாள். பத்து நாள் வரவே இல்லை. ஏரியில் வெள்ளம், பஸ் இல்லை என்றார்கள். அதுவும் முறிந்திருக்கும், வர வெட்கப்படுகிறாள் என்றாள் எல்லம்மா.

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் கண்ணைக் கூசவைத்தது. மணவாளன் காலை பத்து மணிக்கே வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் ரங்கசாமியின் பழைய காக்கிச் சட்டை. கம்பெனியில் மாட்டியிருந்ததை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

"நாள காலைல ஏயர மணிக்கு நான் வந்து இட்டுக்கினு போறேன் மாப்ள. போர்மேன் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாரு. நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ரங்கசாமி சட்டையைப் பார்த்தான். தடவிப் பார்த்தான். "செரி மச்சான்" என்றான்.

அவன் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோவிந்தம்மா அண்ணனுக்கென்று வாங்கின மடவை மீனோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். தன் பழைய அரிவாள்மணையைத் தேடினாள். ஆடுகிற அந்தப் பலகையை மூத்த மகள் ரத்னா மழையில் அடுப்புக்கு வைத்துவிட்டிருந்தாள். வேறு வழியில்லை. உலைப் பக்கம் கிடந்த இரண்டாவது அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள். காலை வைத்தாள். வைத்ததும் ஒரு நொடி நின்றாள். பாதத்தை எடுத்துப் பலகையைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"இது யாரு காலு?" என்றாள்.

ரங்கசாமி உலைச் சாம்பலைக் கிளற ஆரம்பித்தான்.

"எப்ப அளந்த?"

"தூங்கிக்குனு இருந்தப்ப" என்றான், மச்சான் காதில் விழாத குரலில். எனக்கு விழுந்தது.

அவள் மீனை எடுத்தாள். வாலைத் தள்ளினாள், போயிற்று. செதில் சீவினாள். தலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒன்பது வருஷப் பழக்கத்தில், பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். தலை வெண்ணெய் மாதிரி போய்விட்டது. பலம்தான் மிச்சம். அந்தப் பலத்தோடு கட்டைவிரலும் இரும்பின்மேல் போனது.

"யம்மா!"

எல்லாரும் ஓடினோம். ரத்தம் என்றால் ரத்தம், கிணறே சிவந்துவிட்டது என்பேன். நாலு சொட்டு இருக்கும். ரங்கசாமி துணியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். முகம் செத்துப் போயிருந்தது. கோவிந்தம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். விரலை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஆவணியிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

"இத்தினி வருசத்துல என் கையில ஒரு கீறல் விய்ந்துக்குதா? அந்த அருவாமனைய வெச்சிக்கினு நான் வெரல வெட்டிக்கணும்னாலும் அர நாளு ஆவும். இது கத்தியா!"

"வலிக்குதாமே?"

"நீ சொம்மா இரு." விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மீனு வறுத்துத் தரேன், நல்லாத் துன்னுட்டுக் கெளம்பு. இவரு நாளைக்கு வர்ல."

"இன்னா தங்கச்சி சொல்ற? வெரல வெட்டிக்கினு..."

"வெட்டிக்கினதாலதான் சொல்றேன். லெட்டர அனுப்பச் சொல்லிரு."

"ஒரு வெரலு போனா போதுமா? சோத்துக்கு இன்னா வயி?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருக்கோடியில் அந்தக் குரல் கிளம்பியது. பூனைகள் எழுந்தன. கெங்கம்மாள். கூடைக்கு மேலே ஒரு கட்டுத் தாள். நேரே கொல்லைக்கு வந்து இறக்கினாள். தினத்தாளில் கரிக்கோடு போட்ட பாதங்கள். ஒன்று அகலம், ஒன்று ஒல்லி, ஒன்று இடது கால்.

"பஸ்ஸு வுட்டாங்க நைனா, வந்துட்டேன். பதினோரு காலு கீது பாத்துக்க. நாங்களே அளந்துக்கினோம், நீ வந்து அளந்தா ஊரு பேசுதாமே! என் சுறாத் தலைங்கல்லாம் உன் இரும்பப் பாத்தாவே பொளந்துக்குது." முந்தானை முடிச்சை அவிழ்த்து, பணத்தை ரங்கசாமி முன்னால் தரையில் வைத்தாள். "பாதி இப்ப. மீதி அறுத்துப் பாத்துட்டு."

ரங்கசாமி எடுக்கவில்லை. அவனுக்குப் பழக்கமில்லை. கோவிந்தம்மா துணி சுற்றிய கையால் எடுத்துக்கொண்டாள்.

மணவாளன் மீன் சாப்பிட்டார். ஒன்பது துண்டு சாப்பிட்டார், இதில் மிகை ஒன்றும் இல்லை, நான் எண்ணினேன். காக்கிச் சட்டை இருந்த துணிப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார். போகாமல் நின்றார். கிணற்றடியில் கழுவிச் சாய்த்திருந்த அரிவாள்மணையைச் சுற்றி ஒரு தடவை வந்தார்.

"தங்கச்சி, ஊட்ல உன் அண்ணியும் ரொம்ப நாளா கேட்டுக்குனு கீறா. நம்ப ஊட்டு மாப்ளதானே. ஒண்ணு குட்த்தனுப்பு, எட்த்துக்கினு போறேன்."

ரங்கசாமியின் கை தானாகவே நீண்டது. ஒன்பது வருஷத்துக் கை அது. பாதியில் நின்றது. மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க தங்கச்சி காலு மச்சான். உங்க ஊட்டு அக்கா கால அளந்தாத்தான் அவங்களுக்குச் செய்ய முடியும்." எச்சில் விழுங்கினான். "பாதி டப்பு மின்னாடியே."

மணவாளன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கம்பெனி கேட்டில் நிற்கிற நூறு பேரையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு பையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு செருப்பைக் கழற்றினார்.

"அவளுக்கும் எனுக்கும் ஒரே சைசுதான். என் செருப்பத்தான் போட்டுக்கினு திரியறா. பேப்பரப் போடு" என்றார்.

ரங்கசாமி தாளை விரித்தான். மணவாளன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடி நின்று, மற்ற காலைத் தாளின்மேல் வைத்தார். ரங்கசாமி குனிந்து கரியால் கோடு போட ஆரம்பித்தான்.

"கூசுது மாப்ள" என்றார் மணவாளன். அப்போதுதான் பார்த்தேன், அவருக்குப் பல் இருந்தது.